தெல்மாவுக்கு எவரும் ஊளையிடாத வெள்ளிக்கிழமை

தெல்மா பில்லிங் இருபத்திரண்டு ஆண்டுகள் எங்கள் பள்ளி வாசலில் நின்று பிள்ளைகளைச் சாலையின் மறுபக்கம் சேர்த்தவள். மஞ்சள் மேலங்கியும், நுனியில் வட்டப் பலகை பொருத்திய நீண்ட கோலும் அவளுடைய அடையாளங்கள். அந்தக் கோல் நீண்டால் பால் வண்டியும் நிற்கும். பாதிரியாரின் காரும் நிற்கும். மழையிலும் பனியிலும் ஒரு பிள்ளைக்குக்கூடக் கீறல் பட்டதில்லை. அதே தெல்மா, ஆண்டுதோறும் ஜனவரி இரண்டாம் வாரத்தில், ஹால்ஷா ஊர்க்கூடத்தின் மேடையில் மூன்று காட்சிகளுக்கு மட்டும் உலகத்திலேயே மிகக் கொடியவளாக மாறுவாள். வெள்ளிக்கிழமை காலையில் அவள் கையைப் பிடித்துச் சாலையைக் கடந்த பிள்ளைகள், அன்று மாலையே நாற்காலிகளின் மேல் ஏறி நின்று அவளை நோக்கி ஊளையிடுவார்கள். திங்கட்கிழமை மறுபடியும் கையைப் பிடிப்பார்கள். பத்தொன்பது ஆண்டுகள் இப்படியே நடந்தன. இதில் முரண் ஏதும் இருப்பதாக எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

பான்டோ எனப்படும் எங்கள் குளிர்கால வேடிக்கை நாடகத்துக்கு ஆண்டுக்கு ஒரு பழங்கதையை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு எடுத்தது, அவரைக்கொடி ஏறி ராட்சசனின் வீட்டுக்குப் போன ஜாக்கின் கதை. கதை எதுவானாலும் முறைமை ஒன்றுதான். ஊரிலேயே பருமனான ஆண் பாவாடை கட்டிக்கொண்டு ஜாக்கின் தாயாக வருவார். ஜாக்காக ஓர் இளம்பெண் வருவாள். பசுவுக்குள் இருவர் குனிந்து நடப்பார்கள். நல்ல தேவதை வலப்பக்கத்திலிருந்துதான் நுழைய வேண்டும். தீயவன் இடப்பக்கத்திலிருந்துதான் நுழைய வேண்டும். தீயவன் எதுகை இல்லாமல் வாய் திறக்கக் கூடாது. அவையோருக்கும் கடமை உண்டு. தீயவன் நுழைந்ததும் ஊளையிட வேண்டும். அவன் ‘செய்வேன்’ என்றால், ‘செய்ய மாட்டாய்’ என்று கூரை அதிரத் திருப்பிக் கத்த வேண்டும். கைதட்டல் வாங்கும் தீயவன் தோற்றுப்போன தீயவன்.

அந்தப் பள்ளியில் முப்பத்தோராண்டு பாடம் நடத்தி ஓய்வு பெற்ற பின், மறந்துபோன வரிகளை எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு வாய்த்தது. இடப்பக்கத் திரை மறைவில் மடக்கு நாற்காலியில், மடியில் நாடகப் பிரதியோடு அமர்ந்திருப்பேன். ஆகவே தெல்மாவின் ஒவ்வொரு நுழைவையும் மூன்றடித் தொலைவிலிருந்து பார்த்திருக்கிறேன். எனக்கு அடுத்த நாற்காலி அவள் கணவர் நார்மனுடையது. அதிகம் பேசாத மனிதர். தீயணைப்பு நிலையத்தில் கழித்துவிட்ட குழாயின்மேல் துணி இலைகளைத் தைத்து அவரைக்கொடி செய்தவர் அவரே. தெல்மா நுழையும் கணத்தில் பச்சைப் புகையைச் சீறவிடுபவரும் அவரே. புகை சீறியதும் அவர் என்னைப் பார்த்து ஒரு முறை தலையசைப்பார். எங்களுக்குள் நடந்த உரையாடல் பெரும்பாலும் அவ்வளவுதான்.

அக்டோபர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, தோட்டத்துச் சுவரின் விரிசலைப் பூசிக்கொண்டிருந்த நார்மன், கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சற்று உட்கார்ந்தார். எழவில்லை.

எங்கள் ஊரார் துக்கத்தைச் சொற்களால் விசாரிக்கத் தெரியாதவர்கள். சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள். பாத்திரத்தின் அடியில் ஒட்டுத்தாளில் பெயரை எழுதி ஒட்டி, கதவருகே வைத்துவிட்டு மணியடித்து நகர்ந்துவிடுவார்கள். நானும் பருப்புச் சூப்பு வைத்தேன். அதற்குப் பின் அவளை வழியில் கண்டவர்கள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, குரலைத் தாழ்த்தி, எப்படி இருக்கிறாய் என்று கேட்டார்கள். நார்மனின் பெயரை மட்டும் அவள் எதிரில் எவரும் உச்சரிக்கவில்லை.

நவம்பரில் ஒரு நாள், பிள்ளைகள் அனைவரும் உள்ளே சென்ற பின், பள்ளி வாசலில் அவளைக் கண்டேன். அவளும் பிள்ளைகளைப் போலவே என்னை ‘மிஸ்’ என்பாள். கேலியாகத் தொடங்கியது, நிலைத்துவிட்டது.

“கோலை நீட்டறதுக்கு முன்னாடியே வண்டிய நிறுத்துறாங்க மிஸ்,” என்றாள். “நிறுத்திட்டு உள்ளேயிருந்து கழுத்தைச் சாய்ச்சுப் பாக்குறாங்க. ரொட்டிக் கடையில கழுத்து சாயுது, பஸ்ஸுல சாயுது, கோயில்ல சாயுது. ஊருக்கே கழுத்து சுளுக்கிக்கிச்சு.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மோர்கம் கடற்கரையில் வசிக்கும் அவளுடைய அக்காள் ஐரிஸ், வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்து இருக்கும்படி எழுதியிருந்தாள். ஜனவரி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

“பான்டோவுல என்னைப் பாத்து வழக்கம்போல ஊளையிட்டாங்கன்னா இங்க இருப்பேன். இல்லன்னா ஐரிஸ்கிட்ட போயிடுவேன். அங்க எவனுக்கும் என்னைத் தெரியாது. கழுத்தும் நேரா இருக்கும்.”

இதை நான் அவளுடைய வழக்கமான வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். அது என் தவறு.

அவளுக்கு அவ்வாண்டு ஓய்வு கொடுக்கலாமா என்று நாடகக் குழுவில் பேச்சு எழுந்தது. பேச்சு முடியும் முன்பே அவள் வந்து, ராட்சசனின் ஏவலாள் எலும்புநொறுக்கியின் வரிகளை நெட்டுருப் போட்டாயிற்று என்று அறிவித்துவிட்டுப் போனாள். ஒத்திகைகளில் ஒரு குறையும் இல்லை. கறுப்பு அங்கியும், முழங்கால் வரை ஏறிய காலணியும், பச்சைச் சாயம் பூசிய முரட்டுப் புருவமும் தரித்து அவள் மேடையில் நின்றபோது, பசுவின் பின்காலாக நடித்தவர் உண்மையாகவே ஓரடி பின்வாங்கினார்.

முதற்காட்சி வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு. ஜாக்கின் தாயாக நடித்தவர் கறிக்கடை டெஸ்மண்ட். குழுவின் தலைவரும் அவரே. திரை விலகுமுன் தெல்மாவைப் பற்றி நான்கு சொற்கள் பேச விரும்புவதாகவும், தாம் பேசினால் உளறிவிடக்கூடும் என்பதால் எழுதித் தரும்படியும் என்னிடம் கேட்டிருந்தார். நான்கு வாக்கியங்கள் எழுதிக் கொடுத்தேன். பெரும் இழப்பைச் சுமந்துகொண்டும் தெல்மா இன்று மேடையேறுகிறாள் என்றும், அவளுடைய துணிவுக்கு ஊர் தலைவணங்குகிறது என்றும், நம் அன்பை அவளுக்குத் தெரிவிப்போம் என்றும் அவற்றில் இருந்தது. எழுவாய் பயனிலையில் ஒரு பிழையும் இல்லை. அதை டெஸ்மண்ட், செந்நிறப் பொய்ம்முடியோடும் மூன்றடுக்குப் பாவாடையோடும் திரைக்கு முன் நின்று படித்தார். முன்வரிசையில் சிலர் கைக்குட்டையை எடுத்தார்கள். தெல்மா அப்போது ஒப்பனை அறையில் புருவம் ஒட்டிக்கொண்டிருந்தாள். அவள் காதில் ஒன்றும் விழவில்லை.

நாடகம் தொடங்கிச் சற்று நேரத்தில், நார்மனின் இடத்தில் நான் விசையை அழுத்த, பச்சைப் புகை சீறியது. தெல்மா இடப்பக்கத்திலிருந்து பாய்ந்து நுழைந்து, அங்கியை விரித்து, ஊளைக்காகக் காத்து நின்றாள்.

நூற்றெண்பது பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

மூன்றாம் வரிசையில் ஒரு சிறுமி பழக்கத்தால் ஊளையிடத் தொடங்கினாள். அவள் தாய் சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள். தெல்மா விரித்த அங்கியைத் தாழ்த்தினாள். பிறகு தன் ஈரடிப் பாட்டைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் மீண்டும் கைதட்டல். ஜாக்கின் பசுவைப் பிடுங்கிப் போவேன் என்று கையிலிருந்த தடியால் மேடையைத் தட்டிச் சொன்னாள். ‘பிடுங்க மாட்டாய்’ என்று கூடம் இரைய வேண்டிய இடம் அது. கூடத்தில் சூடேற்றும் குழாய் கொதிக்கும் ஓசை மட்டும் கேட்டது.

“பிடுங்குவேன்,” என்றாள் மறுபடியும்.

ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் வால்டர், கனிவு ததும்பும் குரலில் பதில் சொன்னார். “பிடுங்கிக்கோ கண்ணு. உனக்கு எது தோணுதோ அதைச் செய்.”

காட்சி முடிந்து நான் ஒப்பனை அறைக்குச் சென்றபோது, ஒரு காலணியைக் கழற்றிக் கையில் வைத்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். முன்னுரை நிகழ்ந்த செய்தி அதற்குள் அவளுக்கு எட்டியிருந்தது.

“அந்த நாலு வாக்கியம் யாரு எழுதினது?”

“நான்தான்.”

“அதானே. டெஸ்மண்டுக்கு அவ்வளவு நீளமா மூச்சு வராது.” காலணியைத் தரையில் வைத்தாள். “தப்பே இல்லாம எழுதியிருந்தீங்களாமே.”

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். எலும்புநொறுக்கியின் புருவத்தைக் கண்ணாடியில் பார்த்தபடியே, நாளை மாலைக் காட்சி முடிந்ததும் ஐரிஸுடன் பேசிவிடப் போவதாகச் சொன்னாள். அப்போதுதான் நவம்பரில் அவள் சொன்னது எனக்கு முழுமையாகப் புரிந்தது. மோர்கம் அவளுக்கு விருப்பமான இடம் அன்று. ஆனால், வாழ்நாள் முழுவதும் கழுத்துச் சாய்ந்தவர்களுக்கு நடுவில் நடப்பதைவிட, முன்பின் அறியாதவர்களுக்கு நடுவில் நடப்பது மேல் என்று அவள் முடிவு செய்துகொண்டிருந்தாள். அந்த முடிவை விரைவுபடுத்தியது என் பேனா.

சனிக்கிழமை பிற்பகலில் இரண்டரை மணிக்கு இரண்டாம் காட்சி. முன்னுரை கூடாது என்று டெஸ்மண்டிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அவரும் வெட்கப்பட்டிருந்தார். வேண்டுமானால் தாமே திரைக்கு முன் சென்று, தெல்மாவைக் கண்டதும் ஊளையிடுங்கள் என்று அவையோரைக் கேட்டுக்கொள்வதாகச் சொன்னார். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தெல்மா இடைமறித்தாள்.

“கேட்டு வாங்கினா அது ஊளை இல்ல, டெஸ்மண்ட். அதுவும் இரக்கந்தான். சத்தம் கூட இருக்கும், அவ்வளவுதான்.”

முன்னுரை இல்லை என்பதால் பயன் ஏதும் விளையவில்லை. வெள்ளிக்கிழமைச் செய்தி காலைக்குள் ரொட்டிக் கடை வழியாக ஊர் முழுதும் பரவியிருந்தது. வந்தவர்கள் அனைவரும் என்ன செய்ய வேண்டும் என்பதை அறிந்தே வந்திருந்தார்கள். பச்சைப் புகை சீறியது, தெல்மா பாய்ந்தாள், கூடம் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையின் ஓரத்தில், தேவாலயப் பாடற்குழுவின் சில்வியா ஹாவர்த் எழுபத்தெட்டு வயதிலும் எழுந்து நின்று, தலையை நன்றாகச் சாய்த்துக் கைதட்டினார்.

தெல்மா தன் முதல் ஈரடியைச் சொல்லவில்லை. மறந்துவிட்டாள் என்று எண்ணி மெல்லிய குரலில் எடுத்துக் கொடுத்தேன். அவள் என் பக்கம் திரும்பி, வேண்டாம் என்று தலையை அசைத்தாள். பிறகு மேடையின் விளிம்புக்கு நடந்து சென்று, கைதட்டல் ஓயும் வரை நின்றாள். அவள் அடுத்துச் சொன்னது என் பிரதியில் இல்லை.

“வாசலில் வைத்தீர் வரிசை வரிசையாய்
 இருபத்து மூன்று பாத்திரம்;
வாயில் ஒன்றையும் வைக்க வில்லைநான்,
 வந்தது எனக்கு ஆத்திரம்.
ஆட்டுக் கறியும் உருளைக் கிழங்கும்
 யாருக்குப் போனது, கேளுங்கள்:
வீட்டு நாய்க்கு வட்டிலில் இட்டேன்;
 விதியே என்றது, பாருங்கள்.”

பின்வரிசையில் எவரோ சிரிக்கத் தொடங்கி, அது சிரிப்புக்குரியதுதானா என்ற ஐயத்தால் பாதியில் நிறுத்திக்கொண்டார். தெல்மா இடையில் கைகளை ஊன்றினாள். எதுகையை அதோடு விட்டுவிட்டாள்.

“பாதிரியார் வீட்டு மீன். நாய் ஜெபம் பண்ணிட்டுத்தான் வாயை வச்சுது.”

பாதிரியார் தம் காலணிகளைப் பார்த்தார். அவர் மனைவி அவரைப் பார்த்தார்.

“டெஸ்மண்டோட சாசேஜ். அதைக் கடிச்சதுல நாய்க்கு ஒரு பல்லு போச்சு.”

வலப்பக்கத் திரையிலிருந்து செந்நிறப் பொய்ம்முடி ஒன்று எட்டிப் பார்த்தது. இப்போது நான்கைந்து பேர் சிரித்தார்கள்.

“மிஸ்ஸோட பருப்பு சூப்பு. நார்மன் பாதியில விட்டுட்டுப் போன சுவத்துக்கு அதைத்தான் எடுத்துப் பூசினேன். மூணு மாசம் மழை பெஞ்சுது. ஒரு துளி இறங்கல.”

நார்மன் என்ற பெயர் கூடத்தின் நடுவே விழுந்தது. அதை அவள் வாயாலேயே, அதுவும் கேலிக்கு நடுவில் கேட்டபோது, எதையோ நீண்ட நேரமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்த கை தளர்ந்ததைப் போல ஊரார் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன், கண்ணாடியைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் சிரிப்பு ஊளை ஆகாது. அவளும் அதை அறிவாள். முன்வரிசையின் ஓரத்தை நோக்கி விரலை நீட்டினாள்.

“கடைசியா, சில்வியா ஹாவர்த்தோட கறி. அந்த உருளைக்கிழங்கை வாயில வச்சிட்டு நாய் என்னைப் பாத்துச்சு பாருங்க. நான் என்ன பாவம் பண்ணினேன்னு கேட்டுச்சு.”

சில்வியா எழுந்தார். அவருடைய கழுத்து கொத்தனாரின் தூக்குநூலைப் போல நேராக இருந்தது.

“தெல்மா பில்லிங், வாயை மூடு. ஆறு வருஷம் கண்காட்சியில முதல் பரிசு வாங்கின கறி அது.”

“நடுவருக்குப் பல்லு கிடையாது, சில்வியா.”

சில்வியா கைப்பையை நாற்காலியில் வைத்தார். இரு கைகளையும் வாயருகே குவித்தார். பாடற்குழுவில் அறுபது ஆண்டுகள் வளர்த்த மூச்சுப் பலம் முழுவதையும் திரட்டி, ஊளையிட்டார். அது நடிப்பன்று, அப்பட்டமான சினம். ஒரு நொடி அவர் குரல் மட்டும் தனியாக நின்றது. அடுத்த நொடி மூன்றாம் வரிசையில் ஒரு பிள்ளை நாற்காலியின்மேல் ஏறியது. அதன்பின் எது யாருடைய குரல் என்று பிரித்தறிய இயலவில்லை. பாதிரியார் ஊளையிட்டார். அவர் மனைவி அவரைவிட உரக்க ஊளையிட்டார். டெஸ்மண்ட் தம் வேடத்தை மறந்து திரை மறைவிலிருந்தே ஊளையிட்டார். சன்னல் கண்ணாடிகள் சட்டங்களில் அதிர்ந்தன. மூன்று மாதங்களாக அடக்கி வைத்திருந்ததை அல்லவா அவர்கள் வெளியே விட்டார்கள்!

தெல்மா கண்களை மூடி, குளிருக்குப் பின் அடுப்பின் முன் நிற்பவளைப் போல நின்றாள். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை; நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பின்பு கண்களைத் திறந்து, அங்கியை உதறி, ஓரடி உயர்ந்தவளாகத் தோன்றினாள். “ஜாக்கின் பசுவை நான் பிடுங்குவேன்,” என்றாள்.

“பிடுங்க மாட்டாய்!” என்றது ஹால்ஷா.

“பிடுங்குவேன்.”

“மாட்டாய்!” என்று எல்லாருக்கும் முன்னதாகக் கத்தினார் வால்டர்.

என் விரல் பிரதியில் சரியான வரியைத் தேடிக் கண்டுபிடித்தது. அந்தக் காட்சி முடியும் வரை அவளுக்கு ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்க நேரவில்லை.

இரண்டு காட்சிகளுக்கும் இடையில் கூடத்தின் சமையலறையில் நாங்கள் முட்டை ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது, மேலங்கியைக் கழுத்து வரை பொத்தானிட்டபடி சில்வியா உள்ளே வந்தார். டெஸ்மண்ட் நைசாக வெளியே நழுவினார்.

“என் பாத்திரம் எங்க?” என்றார் சில்வியா.

“கழுவி வச்சிருக்கேன். திங்கக்கிழமை தரேன்.”

“நிஜமாவே நாய்க்கா போட்டே?”

தெல்மா ரொட்டியை மென்று விழுங்கினாள். “பாதியை.”

“எந்தப் பாதியை?”

“கறி இருந்த பாதியை நான் தின்னுட்டேன்.”

“அப்போ உருளைக்கிழங்கு?”

“சில்வியா, அது வேகல.”

“வெந்துச்சு. உன் அடுப்புல நீ திரும்பச் சூடு பண்ணின லட்சணம் அது. நார்மன்கூடச் சொல்லுவாரு, உனக்கு அடுப்பு பத்த வைக்கவே தெரியாதுன்னு.”

“நார்மன் அப்படிச் சொன்னாரா?”

“ரெண்டு தடவை சொன்னாரு. போன கோடையில, தேவாலயத் தோட்டத்துல.”

தெல்மா அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். சில்வியா உட்கார்ந்தார், ஆனால் பொத்தானைக் கழற்றவில்லை. உருளைக்கிழங்கை எத்தனை மணி நேரம் அடுப்பில் வைக்க வேண்டும் என்பது பற்றி இருவரும் கால் மணி நேரம் வாதிட்டார்கள். ஒருவருக்கொருவர் சிறிதும் விட்டுக்கொடுக்கவில்லை. இடையில் மூன்று பேர் கதவைத் திறந்து தங்கள் பாத்திரங்களைப் பற்றி விசாரித்தார்கள். பாதிரியாரின் மனைவி, மீனைப் பற்றி இனி ஒரு வார்த்தை பேசினால் அடுத்த ஆண்டு நல்ல தேவதை வேடம்தான் கிடைக்கும் என்று தெல்மாவை எச்சரித்தார். எவர் கழுத்தும் சாயவில்லை என்பதை ஒவ்வொன்றாகக் கவனித்து வைத்துக்கொண்டேன்.

எல்லாரும் போன பின், மாலைக் காட்சி முடியும் வரை காத்திராமல், தெல்மா சுவர்த் தொலைபேசியை எடுத்து மோர்கம் எண்ணைச் சுழற்றினாள். ஐரிஸ் நெடுநேரம் பேசியிருக்க வேண்டும். இவள் ‘உம்’ கொட்டிக்கொண்டே, தளர்ந்துவிட்ட இடப்புருவத்தை விரலால் அழுத்தினாள்.

“இல்ல ஐரிஸ், நான் வரல,” என்றாள் முடிவில். “இங்க எல்லாருக்கும் என்மேல கோவம்.” சற்றுக் கேட்டாள். “நான் எங்க அழறேன்? பச்சைச் சாயம் கண்ணுல இறங்கிடுச்சு. கோடையில நீ வா. தின்ன எதையும் கொண்டு வராதே.”

தொலைபேசியை வைத்துவிட்டு, ஏழு மணிக் காட்சிக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டாள். ஐம்பது நிமிடம் என்றேன்.

“அப்போ தேநீர் போடுங்க மிஸ். அவங்க சத்தத்துக்கு மேல கத்தி என் தொண்டை போச்சு.”